இடைவெளிக்குப் பின் மீண்டும் படிப்பு: உதவித்தொகைக்குத் தடையாக இருப்பது வயதா, விதிகளா?

புது தில்லி: குடும்பப் பொறுப்பு, வேலை, பணத்தட்டுப்பாடு எனப் பல காரணங்களால் படிப்பை நிறுத்தியவர்கள் முப்பது, நாற்பது வயதில் மீண்டும் கல்லூரியில் சேர முன்வரும்போது, தங்கள் வயதுக்கு உதவித்தொகை கிடைக்காது எனத் தாங்களாகவே முடிவு செய்துவிடுவதுண்டு. ஆனால் மத்திய அரசின் திட்டங்களைப் பொருத்தவரை, வயதைக் காட்டிலும் வேறு சில நிபந்தனைகளே இத்தகையோரின் விண்ணப்பத்தைப் பெரிதும் தடுக்கின்றன. எந்த முறையில் படிக்கிறார், எப்போது தேர்ச்சி பெற்றார், அதே நிலையில் ஏற்கெனவே படித்திருக்கிறாரா ஆகியவையே அவை.

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகைத் திட்டம் இதற்குத் தக்க சான்று. ஆண்டுக்கு 82,000 புதிய பயனாளிகளுக்கு வாய்ப்பளிக்கும் இத்திட்டத்தில், இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000-மும், முதுநிலைப் படிப்புக்கு ரூ.20,000-மும் வழங்கப்படுகின்றன. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எனினும், பன்னிரண்டாம் வகுப்பில் அந்தந்தக் கல்வி வாரியத்தின் தரவரிசையில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்து, நேரடி வகுப்பில் பட்டப்படிப்பு பயில்வோருக்கே இது உரியது. தொலைநிலைக் கல்வியோ, பட்டயப் படிப்போ பயில்வோர் விண்ணப்பிக்க இயலாது. பகலில் வேலைக்குச் சென்று இரவில் படிப்பவருக்கு இக்கதவு தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிடுகிறது.

இதற்கு மாறாக, பட்டியல் இனத்தவர் மற்றும் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை சற்று விரிந்த மனத்துடன் வகுக்கப்பட்டுள்ளது எனலாம். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான இத்திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். அஞ்சல்வழிப் படிப்புகளையும் முற்றாக ஒதுக்காமல், கட்டணத்தை ஈடுசெய்ய இதில் வகை செய்யப்பட்டுள்ளது. வருமானத்தைக் கணக்கிடும் முறையையே திரும்பப் படிக்க வருவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தால் பெற்றோரின் வருமானமும், திருமணமாகி வேலையில் இல்லாத பெண் எனில் கணவரின் வருமானமும் கணக்கில் கொள்ளப்படும் என்பது இத்திட்ட விதிகளில் நீண்டகாலமாக உள்ள வரையறை. ஆகவே, திருமணமான பெண் தந்தையின் பெயரிலுள்ள பழைய வருமானச் சான்றிதழுடன் விண்ணப்பித்தால் நிராகரிக்கப்பட வாய்ப்புண்டு.

மற்றொரு விதியும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நிலையை முடித்தவர், அதே நிலையில் வேறு பாடம் படித்தால் இந்த உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்தவர் எம்.ஏ. சேரலாம், ஆனால் தொழில் மாற்றம் கருதி பி.காம். சேர்ந்தால் தகுதி இழப்பார். திட்டத்தை மாநில அரசுகளே செயல்படுத்துவதால், அந்தந்த மாநில அறிவிக்கையையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

உதவித்தொகை கிடைக்காத இடத்தில் கட்டணச் சலுகை கைகொடுக்கும். 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சிறைவாசிகளுக்கும் திருநங்கை, திருநம்பியருக்கும் கட்டணமின்றிக் கல்வி வழங்குகிறது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உள்ளது. அங்கு பத்தாம் வகுப்புத் தேர்வெழுதக் குறைந்தபட்ச வயது 14. உச்ச வயது வரம்பு இல்லை.

இடைவெளியைக் குறையாகக் கருதாமல், அதையே காரணமாகக் கொண்டு உதவும் திட்டங்கள் மிகச் சிலவே. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'வைஸ்-கிரண்' அவற்றில் ஒன்று. பணியில் இடைவெளி ஏற்பட்ட பெண் அறிவியலாளர்களை மீண்டும் ஆய்வுக்கு அழைத்துவருவது இதன் முக்கிய நோக்கம். இதன் கீழ் முனைவர் பட்ட ஆய்வுக்கு 27 முதல் 45 வயது வரையும், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு 60 வயது வரையும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இவை அறிவியல் படித்த பெண்களுக்கானவை. கலைப் பாடங்களைப் பாதியில் விட்டவர்களுக்கு இவற்றால் பயனில்லை.

வயது உண்மையாகவே தடையாகும் இடங்களும் உள்ளன. யுஜிசி நெட் தேர்வின் வழியாகப் பெறும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு உச்ச வயது 30. பெண்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. பட்டியல் இனத்தவர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் உயர்கல்வி பயில்வதற்கான தேசிய உதவித்தொகைக்கு வரம்பு 35. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கானதாகவே அறியப்படும் பிரதமர் உதவித்தொகைத் திட்டத்தில், அவர்களின் கைம்பெண்களும் தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பெரிதாகப் பேசப்படாத செய்தி.

மத்தியத் திட்டங்கள் பலவற்றுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து, 14 இலக்க எண் பெற வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கும் தேவை. திருமணத்துக்குப் பின் பெயரோ தலைப்பெழுத்தோ மாறியிருந்தால், பழைய மதிப்பெண் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் இடையிலான வேறுபாட்டை விண்ணப்பக் காலம் தொடங்கும் முன்பே சரிசெய்துகொள்வது நல்லது. கடைசி வாரத்தில் இதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

உதவித்தொகை எதுவும் பொருந்தாதோர் கடனை நாட நேரிடும். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தேர்வு செய்யப்பட்ட தரமான உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையமும் உத்தரவாததாரரும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளோருக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. பணியிலிருந்தபடியே தமது படிப்புக்குக் கடன் பெறுவோர், பழைய வருமான வரி முறையைத் தேர்வு செய்திருந்தால், செலுத்தும் வட்டிக்கு 80இ பிரிவின் கீழ் அதிகபட்சம் 8 ஆண்டுகள் வரை வரிக்கழிவு கோரலாம்.