திடீர்னு டிஸ்பிளே வரலையா? கார்டைத் தூக்கிப் போடாதீங்க!



எங்க வீடு தங்கச்சிமடத்துல இருக்கு. அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றார். அதுக்காக அவரே ஒவ்வொரு பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர் ஒண்ணு ஜன்னலோரம் இருக்கு. போன ஆனி மாசம், நல்ல கச்சான் காத்து. உச்சிப்புளி கல்யாணம் ஒண்ணை ஞாயித்துக்கிழமை குடுக்கணும். மாப்பிள்ளை திங்கக்கிழமை ஃபிளைட். அட்வான்ஸ் 5,000 ரூபாய் வாங்கி, அது செலவும் ஆயிடுச்சு. புதன் ராத்திரி வரை நல்லா ஓடின கம்ப்யூட்டர், வியாழன் காலையில ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, திரையில மட்டும் "நோ சிக்னல்".

இந்த இடத்துல எல்லாரும் பண்ற தப்பு, பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றது. அதை விட்டுட்டு கீபோர்டுல கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்க. விளக்கு எரிஞ்சு அணைஞ்சா கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கு, கண்ணுதான் தெரியலைன்னு அர்த்தம். எங்களுக்கு எரிஞ்சது. மானிட்டரையும் கேபிளையும் பக்கத்து வீட்டு லேப்டாப்புல மாட்டினோம். ரெண்டும் நல்லா வேலை செஞ்சது.

அடுத்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டிட்டு மானிட்டர் வயரை நேரா மதர்போர்டுல குத்தினோம். படம் வந்துடுச்சு! கல்யாண ஃபைல் எல்லாம் பத்திரம். (கார்டை மாட்டி வச்சுக்கிட்டே இப்படிப் பார்த்தா பல மதர்போர்டுல படம் வராது, ஏன்னா அது கார்டைத்தான் நம்பி இருக்கும். இன்டெல் பிராசஸர் பேரோட கடைசியில 'எஃப்' எழுத்து இருந்தா உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. அவங்களுக்கு இந்தச் சோதனை உதவாது.) ஆனா அந்தப் படத்தை வச்சு எடிட்டிங் முடிக்க முடியாது, ஆமை வேகம்.

சாயங்காலம் அண்ணன் கார்டை ஒரு கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் அதை மெஷின்ல மாட்டக்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "செத்துப் போச்சு தம்பி. புதுசு 18,000 ஆகும். பழசை 500-க்கு எடுத்துக்கிறேன்"னு சொல்லிட்டார். 18,000 எங்க வீட்டுல இல்லை. இருந்தா அது அக்கா காலேஜ் ஃபீஸ்.

ராத்திரி அண்ணனோட நண்பர்கிட்ட ஒரு சின்ன பழைய கார்டு இரவல் வாங்கி அதே ஸ்லாட்டுல மாட்டினோம். படம் வந்தது. அப்போ ஸ்லாட் நல்லா இருக்கு, எங்க கார்டுதான் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். இந்த முடிவுல ஒரு ஓட்டை இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்!

வெள்ளிக்கிழமை ஃபிசிக்ஸ் சார்கிட்ட இதைச் சொன்னேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சின்ன கார்டுக்குத் தனியா கரண்ட் வயர் மாட்டினீங்களாடா?"

மாட்டலை! அதுக்கு அந்த வயரே கிடையாது.

விஷயம் இதுதான். கார்டு உட்கார்ற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். சின்ன கார்டுக்கு அது தாராளம். பெரிய கார்டுக்குப் பத்தாது, அதனால எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து 8 பின் வயர் ஒண்ணு தனியா வரும். அது 150 வாட் வரை தரும். நாங்க சோதிச்சது ஸ்லாட்டை மட்டும். வயரைச் சோதிக்கவே இல்லை.

அந்த 8 பின்னுல மூணு 12 வோல்ட், மூணு கிரவுண்ட். மிச்சம் ரெண்டும் கரண்ட் கொண்டு வர்றதுக்கு இல்லை, "வயர் மாட்டியாச்சு"ன்னு கார்டுக்குச் செய்தி சொல்றதுக்கு. அதுல ஒண்ணு தொடலைன்னா, சரியான வயர் மாட்டலைன்னு நினைச்சு கார்டு வேலையை ஆரம்பிக்காம போகலாம். சாயங்காலம் பிளக்கை டார்ச் அடிச்சுப் பார்த்தோம். செய்தி சொல்ற பின்னுல பச்சையா பாசி மாதிரி பூத்திருந்தது. பக்கத்துல 12 வோல்ட் துளை ஒண்ணுல பிளாஸ்டிக் லேசா பழுப்பேறி இருந்தது.

பச்சைக்குக் காரணம் நம்ம கடல். உப்பு காத்துல தூளா வந்து ஒட்டும். ஃபேன் அதை இழுத்து இழுத்து உள்ளே சேர்க்கும். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பே தானா தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சுடும் (அடுப்படியில உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீங்க). கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறதால அது இன்னும் சீக்கிரமே கசியும். உப்புத்தண்ணியும் ரெண்டு வேற வேற உலோகமும் சேர்ந்தா அது ஒரு குட்டி பேட்டரி. உலோகம் கரைஞ்சுக்கிட்டே போகும். பச்சையா தெரியுறது செம்போட உப்பு.

1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரல் 6-ல புதுப் பாலம் திறந்தாங்க. அந்த இரும்புக்கு வருஷக்கணக்கா பெயின்ட் அடிச்சே மாளலை. காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோகம் அரிக்கிறதைச் சோதிக்க நம்ம மண்டபத்துல நிலையம் வச்சிருக்கிறதும் சும்மா இல்லை. ஒரு குண்டூசி தடிமன் பின் எம்மாத்திரம்!

பழுப்புக்கு சார் போர்டுலயே கணக்குப் போட்டார். 150 வாட்டை 12 வோல்ட்டால வகுத்தா 12.5 ஆம்பியர், மூணு வயருக்கும் சுமார் 4.2 வீதம். ஒண்ணு சரியா தொடலைன்னா மத்த ரெண்டும் 6.25 தூக்கணும். ஜூல் விதிப்படி வெப்பம் கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும், அதாவது 2.25 மடங்கு. பத்தாம் வகுப்புல மனப்பாடம் பண்ணின விதி வீட்டுக்குள்ளயே வந்து நிக்குது.

எங்க எஸ்.எம்.பி.எஸ்.லயே இன்னொரு 8 பின் பிளக் சும்மா தொங்கிக்கிட்டு இருந்தது. கரண்ட்டை சுவத்துல இருந்தே பிடுங்கிட்டு, கார்டு பக்கத்துப் பின்னை ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால துடைச்சோம். ஸ்லாட்டுல போற தங்க நிறப் பல்லை வெள்ளை ரப்பரால லேசா தேய்ச்சோம் (இங்க் ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சு போயிடும்). அம்மா, "தாழ்ப்பாளுக்குப் போடுற மாதிரி ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விடேன்"னாங்க. விடலை! அரை மணி நேரம் காய விட்டு மாட்டினோம். ராத்திரி 9 மணிக்குப் படம் வந்தது. அண்ணன் சாப்பிடாம எடிட்டிங்ல உட்கார்ந்துட்டார்.

நீங்க செஞ்சு பார்க்கிறதா இருந்தா ரெண்டு விஷயம். பிராசஸருக்கு வர்ற 8 பின் பிளக்கும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனா 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். அழுத்தித் திணிச்சா கார்டு உண்மையிலேயே செத்துடும். வேற கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். வயரை எடுத்து மாட்டுறதும் அதே கதைதான், வரிசை வேற. பிளாஸ்டிக் உருகின பிளக்கைத் திரும்ப உபயோகிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

சில கார்டு சிப்புலயே கெட்டுப் போறதும் உண்டு. 2008-ல என்விடியா கம்பெனி லேப்டாப் சிப் கோளாறுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்தது. அதை ரப்பரால சரி பண்ண முடியாது. கார்டை ஓவன்ல சுட்டா சரியாகும்னு யாராவது சொன்னா, சுடாதீங்க. சமைக்கிற ஓவன்ல விஷப்புகைதான் மிச்சம்.

இப்போ கேபினெட் ஜன்னலை விட்டு உள்சுவருக்குப் போயாச்சு. ஆஃப் பண்ணி சூடு ஆறினதும் துணி போட்டு மூடுறோம். ஓடும்போது மூடக்கூடாது. கச்சான் காலத்துல வேலை இல்லைன்னாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுறோம், அந்தச் சூட்டுல ஈரம் காயும்.

உச்சிப்புளிக்கு ஞாயித்துக்கிழமை மதியம் பென்டிரைவ் போய்ச் சேர்ந்துடுச்சு. பச்சை பூத்த அந்தப் பிளக்கை வெட்டி ஒரு தீப்பெட்டியில போட்டு ஃபிசிக்ஸ் லேப்ல குடுத்திருக்கேன். லென்ஸ் வச்சுப் பார்க்கணும்னா சார்கிட்ட கேளுங்க.

— பிளஸ் ஒன் மாணவன்