'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மார்ட்டின் பேட்டி என்றால் காமிக்ஸ் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு குஷி?

தலையில் மீனவர் தொப்பி, முகம் நிறைய வெள்ளைத் தாடி, கண்ணாடிக்குப் பின்னால் குறும்பு எட்டிப் பார்க்கும் கண்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் பேட்டி வீடியோ எது வந்தாலும் இரண்டு கூட்டம் உடனே ப்ளே பட்டனைத் தட்டும்.

முதல் கூட்டத்துக்கு ஒரே கேள்விதான். 'அடுத்த புத்தகம் எப்போ சார் வரும்?'

இரண்டாவது கூட்டம், காமிக்ஸ் ரசிகர்கள். அவர்களுக்கு அந்தத் தேதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மனிதர் பேச்சுவாக்கில் எப்படியாவது மார்வெல் காமிக்ஸ் பக்கம் வந்துவிடுவார் என்ற நம்பிக்கைதான். அப்படி வந்துவிட்டால், 70 வயதைத் தாண்டிய எழுத்தாளர் காணாமல்போய், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பேச ஆரம்பித்துவிடுவான். அவனைப் பார்க்கத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள்!

டிராகனும் வாளும் அரண்மனைச் சதியுமாக எழுதுகிறவருக்கும் சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எல்லாம் ஒரு கடிதத்தில் தொடங்கியது.

ஐந்து தெரு உலகம்

1948-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் பேயோன் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர் மார்ட்டின். அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. வசதி இல்லாத குடும்பம், அரசுக் குடியிருப்பில் வீடு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஐந்து தெருக்கள். அதுதான் தன் மொத்த உலகம் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் கப்பல்கள் போவது தெரியும். ஆனால், எந்தக் கப்பலிலும் ஏற முடியாது.

அந்தப் பையனை வெளியூருக்கு, வெளிக்கிரகத்துக்குக் கூட்டிப்போனவை காமிக்ஸ் புத்தகங்கள்தான். அப்போது ஓர் இதழின் விலை 12 சென்ட்.

அவர் வளர்த்த ஆமைகளின் கதையும் ரசிகர்களுக்கு மனப்பாடம். கடையில் வாங்கிய குட்டி ஆமைகளை ஒரு பொம்மைக் கோட்டைக்குள் விட்டு வளர்த்திருக்கிறார். அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருந்தன. ஏன் சாகின்றன என்று புரியாத சிறுவன், தானே ஒரு காரணம் கண்டுபிடித்தான். 'சிம்மாசனத்துக்காக ஆமைகள் ஒன்றையொன்று சதி செய்து கொல்கின்றன!' பின்னாளில் அவர் எழுதிய கதையை நினைத்துப் பாருங்கள். ஆமைக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான்!

'எடிட்டர் சார்' இல்லை... 'டியர் ஸ்டான், ஜாக்!'

1960-களின் தொடக்கத்தில் மார்வெல் நிறுவனத்தின் எழுத்தாளரும் எடிட்டருமான ஸ்டான் லீ ஒரு காரியம் செய்தார். வாசகர் கடிதங்களில் 'எடிட்டர் அவர்களுக்கு' என்ற சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், என்னையும் ஓவியர் ஜாக் கிர்பியையும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். படிக்கிற பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஹீரோக்களைப் படைத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? கடிதங்கள் குவிந்தன.

அதில் ஒன்று மார்ட்டின் எழுதியது. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் 17-ம் இதழைப் படித்துவிட்டு, இத்தனை குறைந்த பக்கங்களில் இவ்வளவு ஆக்‌ஷனை எப்படித்தான் அடக்கினீர்கள் என்று வியந்து எழுதியிருந்தார். 1963 நவம்பர் மாதத்துக்கான 20-ம் இதழில் அது அச்சானது. தன் பெயரை அச்சில் பார்த்த முதல் அனுபவம்!

இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. அன்றைக்குக் கடிதத்தோடு எழுதியவரின் முகவரியையும் சேர்த்தே அச்சிடுவார்கள். அதைப் பார்த்த மற்ற ஊர் ரசிகர்கள் மார்ட்டினுக்கு எழுதத் தொடங்கினார்கள். ரசிகர்கள் தாங்களே காசு போட்டு, கையாலோ சைக்ளோஸ்டைல் மெஷினிலோ நகலெடுத்து நடத்தும் சிறு பத்திரிகைகள் அவருக்கு அறிமுகமாயின. அவற்றில் பலரும் படக்கதை வரைந்துகொண்டிருந்தார்கள். மார்ட்டினுக்கு வரைய வராது. அதனால் வார்த்தைகளிலேயே சூப்பர் ஹீரோ கதை எழுதி அனுப்பினார். 1965-ல் அப்படி ஒரு ரசிகர் பத்திரிகையில் அவர் கதை வெளியானது. ஓவியம் வராத கைதான் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்றுகூடச் சொல்லலாம்.

1964-ல் நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடிய மாநாட்டுக்கும் போனவர் அவர். சில டஜன் பேர்தான் வந்த கூட்டம் அது. 'அதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் நான்தான்' என்று இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். சான் டியேகோ காமிக்-கானில் லட்சம் பேருக்கு மேல் கூடும் இந்தக் காலத்து ரசிகர்களுக்கு, அதைக் கேட்பதே ஒரு சரித்திரக் கதை கேட்பது மாதிரிதான்!

ஒரே இதழில் வந்து செத்துப்போனவன்

கதையில் நாம் உயிராக நேசிக்கும் ஆளைப் பட்டென்று கொன்றுவிடுவதுதான் மார்ட்டினின் அடையாளம். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? இதற்கும் காமிக்ஸைத்தான் கை காட்டுகிறார்.

1964-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்' 9-ம் இதழில் 'வொண்டர் மேன்' என்று ஒரு புதுப் பாத்திரம். வில்லன் அனுப்பிய உளவாளியாக அவெஞ்சர்ஸ் குழுவுக்குள் நுழைகிறான். கடைசி நேரத்தில் மனசு மாறி, அவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறான். நல்லவனா, கெட்டவனா? இரண்டும்தான். வந்த இதழிலேயே கதையும் முடிந்தது. பள்ளி மாணவரான மார்ட்டினை அது உலுக்கிவிட்டது. பாராட்டி அவர் எழுதிய கடிதம் 12-ம் இதழில் வந்தது. விதி துரத்தும் இப்படிப்பட்ட மனிதர்கள் மேல் தனக்கு அப்போதிருந்தே ஈர்ப்பு என்றும், ஷேக்ஸ்பியர், டோல்கீன் இவர்களைவிட ஸ்டான் லீதான் தன்னை அதிகம் பாதித்தவராக இருக்கலாம் என்றும் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் காமிக்ஸ் ரசிகர்கள் விசில் அடிக்கிறார்கள். 'பொம்மைப் புத்தகம் படிச்சுக் கெட்டுப்போகாதே' என்று வீட்டில் திட்டு வாங்கிய அனுபவம் எந்த ஊர் காமிக்ஸ் ரசிகருக்கு இல்லை? உலகம் கொண்டாடும் ஒரு நாவலாசிரியர் மேடையில் உட்கார்ந்து, 'நான் கற்றுக்கொண்டது அங்கேதான்' என்று சொன்னால் அது அவர்களுக்கே கிடைத்த சர்ட்டிஃபிகேட் அல்லவா! 2017-ல் ஒரு டி.வி ஆவணப்படத்துக்காகத் தன் பழைய கடிதத்தை அவரே வாசித்துக் காட்டிய காட்சி, ரசிகர்களிடையே ஆசையாகப் பகிரப்பட்டதில் ஆச்சர்யம் இல்லை.

சமையல்கட்டைத் திறந்து காட்டும் மனிதர்

மார்ட்டின் கல்லூரியில் படித்தது ஜர்னலிசம். கொஞ்ச காலம் அதைச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறார். பேட்டி எடுப்பவருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரியும். ஒற்றை வரியில் நழுவாமல், தொழில் ரகசியத்தை உதாரணத்தோடு எடுத்து வைப்பார்.

எழுத்தாளர்களில் இரண்டு வகை என்பார். ஒருவர் கட்டட இன்ஜினீயர். எத்தனை அறை, எங்கே ஜன்னல் என்று பிளான் போட்ட பிறகே வேலையைத் தொடங்குவார். இன்னொருவர் தோட்டக்காரர். என்ன விதை என்பது தெரியும். எத்தனை கிளை விடும் என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். மார்ட்டின், தான் தோட்டக்காரர் கட்சி என்கிறார்.

2014-ல் கோனன் ஓ பிரையனின் டி.வி நிகழ்ச்சியில் அவர் சொன்ன தகவல் இன்னும் சுவாரஸ்யம். இன்டர்நெட் இணைப்பே இல்லாத பழைய டாஸ் கம்ப்யூட்டரில், 'வேர்டுஸ்டார் 4.0' என்ற பழங்கால சாஃப்ட்வேரில்தான் கதை எழுதுகிறாராம். நாம் அடிக்கும் வார்த்தையைத் தானே திருத்தும் புது சாஃப்ட்வேர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது!

அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைப் பேட்டியில், தான் பெரிதும் மதிக்கும் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். கடைசியில் ஆரகார்ன் நல்ல ராஜாவாக ஆண்டான் என்று கதை முடிகிறது. சரி, அவன் மக்களிடம் வரி எவ்வளவு வாங்கினான்? நல்ல மனசு இருந்தால் மட்டும் நல்ல ஆட்சி வந்துவிடுமா? ரசிகர்கள் இன்றுவரை விவாதிக்கும் கேள்வி இது.

1981-ல் பிரிட்டனில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரின் மேல் நின்று, 'இந்தப் பக்கம் காவல் காத்த சிப்பாய் எதை நினைத்துப் பயந்திருப்பான்?' என்று யோசித்ததையும் சொல்வார். நாவலில் வரும் 700 அடி உயரப் பனிச்சுவர் அங்கிருந்துதான் எழும்பியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திரும்பப் புரட்டினால், ஏற்கெனவே படித்த பக்கமே புதிதாகத் தெரிகிறது.

ஸ்டீபன் கிங்கிடம் மாட்டியவர்

2016 ஜூனில் ஆல்புகர்க்கி நகரில் ஒரு மேடை. திகில் கதை மன்னன் ஸ்டீபன் கிங்கும் மார்ட்டினும் எதிரெதிரே. கடைசியில் மார்ட்டின், ரசிகன் மாதிரி ஒரு கேள்வி கேட்டார். எப்படி இவ்வளவு புத்தகங்களை இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள்? அரங்கமே சிரிப்பில் குலுங்கியது. ஒரு நாளைக்கு ஆறு பக்கம் எழுதப் பார்ப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார் கிங்.

சிரிப்புக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது நாவல் வந்தது 2011 ஜூலையில். ஆறாவது நாவலான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' அப்போதே ஐந்து ஆண்டுக் காத்திருப்பு. பதிப்பாளர் கொடுத்த கெடுவைத் தவறவிட்டதை அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவரே வருத்தத்தோடு எழுதியிருந்தார். 2019-ல் டி.வி தொடரே முடிந்துவிட்டது. புத்தகம் மட்டும் முடிந்தபாடில்லை.

அந்த ஒரு கேள்வி

2014-ல் சுவிட்சர்லாந்து நாளிதழ் ஒன்றின் பேட்டியில் அவரிடம், 'கதையை முடிக்கும் முன்பே நீங்கள் இறந்துவிடுவீர்களோ என்று ரசிகர்கள் பயப்படுகிறார்களே?' என்று கேட்டார்கள். எப்போதும் சிரித்தபடி பேசும் மனிதரின் முகம் மாறியது. இப்படிக் கேட்பது மனதைப் புண்படுத்துகிறது என்றவர், அப்படிப் பேசுபவர்களுக்காக விரலால் ஒரு சைகையும் காட்டினார். குடும்பப் பத்திரிகையில் அதை விவரிக்க முடியாது!

யோசித்தால் அவர் கோபம் நியாயம்தான். 65 வயதுக்காரரிடம் 'நீங்க எப்போ போவீங்க?' என்று நம் வீட்டில் யாராவது கேட்போமா? காத்திருப்பவர்களின் ஏக்கமும் பொய்யில்லை. காசு கொடுத்து ஐந்து தடிமனான புத்தகங்களை வாங்கி, அந்த மனிதர்களோடு வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால், அன்பு எந்த இடத்தில் அதிகாரமாக மாறுகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கோட்டைக் காமிக்ஸ் ரசிகர்கள் ஓரளவு புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. 'எப்போ முடிப்பீங்க?' என்ற கேள்விக்குத் தேதி ஒன்றுதான் பதில். அந்தத் தேதியும் தள்ளிப்போகலாம். 'இதை எப்படிச் செய்தீங்க?' என்று கேட்டால், ஆமை வரும், வொண்டர் மேன் வருவான், பழைய டாஸ் கம்ப்யூட்டர் வரும். பேயோன் சிறுவன் 1963-ல் ஸ்டான் லீயிடம் கேட்டதும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான். இத்தனை குறைந்த பக்கங்களில் எப்படி அடக்கினீர்கள்?

அந்தக் கடிதத்தை 'சின்னப் பையன் எழுதியது' என்று தூக்கிப் போடாமல், மதித்து அச்சில் ஏற்றினார்கள். அதன் பலனை உலகமே படித்துக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் எதிரே வந்து உட்கார்ந்தால், கேட்க ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால்... என்ன கேட்பீர்கள்? இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, கையில் காமிக்ஸோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக் குட்டியிடம்!