புண் வருமுன் ஒளி

நோயாளிகள் பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை, வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்களுக்கு வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் நீள்கிறது. முதல் வாரம் பெரும்பாலும் தொல்லையின்றிக் கழிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் வாயின் உட்புறம் சிவந்து, எரிச்சல் கண்டு, பிறகு மேற்படலம் உரிந்து வெண்ணிறப் புண்களாகிறது. ‘ஓரல் மியூகோசைட்டிஸ்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த வாய்ச் சளிச்சவ்வு அழற்சி, சூட்டினால் வருவதாகச் சொல்லப்படும் சாதாரண வாய்ப்புண்ணைப் போன்றதன்று. மோர்சாதம்கூட இறங்காத நிலையில் உடல் எடை குறைகிறது. வலிக்கு மார்ஃபின் தேவைப்படுகிறது. சிலருக்கு மூக்குவழிக் குழாயில் உணவூட்ட நேர்கிறது. எல்லாவற்றினும் கவலைக்குரியது, வேதனை தாளாமல் சிகிச்சையே இடையில் நின்றுபோவதும் அந்த இடைவெளியில் புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவதும் ஆகும்.

வாயின் உட்தோல் ஓரிரு வாரங்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. வேகமாகப் பெருகும் செல்களையே கதிரும் கீமோ மருந்துகளும் முதலில் தாக்குவதால், புற்றுச் செல்லோடு சேர்ந்து இந்த உட்தோலின் செல்களும் மடிகின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல் இப்பாதிப்பை 0 முதல் 4 வரை தரப்படுத்துகிறது: புண் இருந்தும் திட உணவு உண்ண முடிந்தால் 2, நீராகாரம் மட்டுமே இறங்கினால் 3, வாய்வழியே எதுவுமே இயலாவிட்டால் 4.

இத்துன்பத்தைக் குறைக்கக் கைகொடுக்கும் ஒளிச் சிகிச்சையின் தொடக்கம் 1960களின் பிற்பகுதியில், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நிகழ்ந்தது. எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் முதுகில் வலுக்குறைந்த சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடத்தில் முடி விரைந்து வளர்வதைக் கண்டார்; பின்னர் ஆறாத புண்களும் அவ்வொளியால் ஆறுவதைப் பதிவுசெய்தார். இன்று ‘ஃபோட்டோபயோமாடுலேஷன்’ எனப்படும் இம்முறையில் சுடுவதோ அறுப்பதோ இல்லை. செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அதையடுத்த அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி பெருகி, அழற்சி தணிந்து, திசு சீரமைவது விரைவாகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

இந்தியாவுக்கு இதில் குறிப்பிடத்தக்க பங்குண்டு. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த இந்நாட்டில், கர்நாடகத்தின் மணிப்பாலில் நடந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, கதிர்வீச்சும் கீமோவும் ஒருசேரப் பெற்ற 221 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் உண்மையான ஒளியையும் மற்றவர்களுக்குப் பாவனை ஒளியையும் அளித்தது. ஒளி பெற்றவர்களிடம் கடுமையான புண்ணும், வலியும், வலிமருந்துத் தேவையும் தெளிவாகக் குறைந்திருந்தன.

அங்கு பயன்பட்டது 632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசர். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடிப்பகுதியும், மெல்லண்ணம் எனப் புண் வரக்கூடிய இடங்கள்தோறும் ஒளிமுனை நிறுத்தப்பட்டது. ஒரு புள்ளிக்கு 3 ஜூல் ஆற்றல் சேர ஏறத்தாழ 2 நிமிடம் வேண்டும் என்பதால், பன்னிரண்டு புள்ளிகளை முடிக்க அரைமணி நேரத்தை நெருங்கிவிடும். நோயாளி அவ்வளவு நேரமும் வாயைத் திறந்துவைத்திருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் இம்முறை பரவத் தயங்குவதற்குக் கருவியின் விலையைவிட இந்த நேரமே பெரிய தடை என்று கருத இடமுண்டு.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் இம்முறைக்கு ஆதரவான வழிகாட்டுதலை வெளியிட்டது. புற்றுநோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையில் ஈடுபடும் பன்னாட்டு அமைப்பான மாஸ்க், தலை-கழுத்துக் கதிர்வீச்சு பெறுவோருக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுக்காக வீரியமிக்க கீமோ பெறுவோருக்கும் தடுப்பு முறையாக இதைப் பரிந்துரைக்கிறது. ஆயினும் அலைநீளமும் அளவும் மாறினால் பலனும் மாறும் என்பதால், சிவப்பு விளக்கு எதுவானாலும் போதும் என்று எண்ணி வீட்டில் முயல்வது வீண். செல்களைத் தூண்டும் ஒளி புற்றுச் செல்லையும் தூண்டிவிடுமோ என்ற ஐயம் இன்னும் முழுமையாகத் தீராததால், கட்டி இருக்கும் இடத்தில் ஒளி படாமல் தவிர்ப்பது வழக்கம். கண்களுக்குக் காப்புக்கண்ணாடியும் கட்டாயம்.

ஒளி இருக்கிறதென்று மற்றப் பராமரிப்பைக் கைவிட முடியாது. மென்மையான தூரிகையால் பல் துலக்குவதும், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி கொப்பளிப்பதும், காரத்தையும் புகையிலையையும் விலக்குவதும் தொடர வேண்டும். ஃபுளோரோயுராசில் மருந்தை ஊசிவழி விரைவாகச் செலுத்தும்போது 30 நிமிடம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருப்பதும் பயன் தருவதாக நிறுவப்பட்டுள்ளது.

தடுப்புச் சிகிச்சை கதிர்வீச்சின் முதல் நாளிலேயே தொடங்கப்பட வேண்டியது. எனவே கதிர்வீச்சுக்காக முகத்துக்கேற்ற கவசத்துக்கு அளவெடுக்கும் நாளிலேயே, இவ்வசதி அங்கு உண்டா, இல்லையெனில் அருகில் எங்குக் கிடைக்கும் என்று குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.