தாம்பரம் டு எழும்பூர்... ஒரே டிக்கெட்டில் அறிவொளிக் காலம்!

தாம்பரத்தில் லோக்கல் ஏறியதும் முதல் வேலை என்ன? ஜன்னல் சீட். ரெண்டாவது வேலை? காதில் ஹெட்போன். அப்புறம் பல்லாவரம், பரங்கிமலை, நுங்கம்பாக்கம் எல்லாமே வெறும் போர்டுதான். ஒரே ஒரு நாள் அந்த ஹெட்போனைக் கழற்றி வையுங்கள் பாஸ்... உலகத்தையே புரட்டிப் போட்ட ஒரு சிந்தனையின் கண்காட்சி, இந்த ரூட் முழுக்க விரிந்து கிடக்கிறது!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2003-ல் 'என்லைட்டன்மென்ட்' என்று ஒரு பிரமாண்ட கேலரி திறந்தார்கள். தமிழில் சொன்னால், அறிவொளிக் காலம். "பெரியவர் சொன்னார், ராஜா சொன்னார், புனித நூலில் இருக்கு, அதனால சரி" என்று தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, "பார்ப்போம், அளப்போம், விவாதிப்போம்" என்று 18-ம் நூற்றாண்டு ஐரோப்பா கிளம்பிய கதை அது. ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1784-ல் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: அடுத்தவர் கையைப் பிடித்தே நடக்காதே, உன் மூளையை நீயே பயன்படுத்தத் துணி.

அந்தத் துணிச்சலையும், அது சறுக்கிய இடங்களையும் பார்க்க நமக்கு லண்டன் ஃப்ளைட் வேண்டாம். ஒரு லோக்கல் டிக்கெட் போதும். கிளம்பலாமா?

முதல் ஸ்டாப்: பல்லாவரம்

1863, மே 30. இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ மைதானத்தின் அருகே சரளைக்கல் தோண்டிய குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 28. எத்தனையோ பேர் தாண்டிப் போன குழி அது. அவர் மட்டும் நின்று கேட்டார், "இந்தக் கல்லை யாரோ செதுக்கியிருக்காங்களே?" அதுதான் பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி!

இதில் என்ன பெருசு? உலகம் உண்டாகி சுமார் 6,000 வருஷம்தான் ஆகிறது என்று பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு நம்பியவர்கள் நிறைந்த காலம் அது. மனிதன் அதைவிட மிகப் பழசு என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்ததே 1859-ல்தான். நாலே வருஷத்தில் நம்ம பல்லாவரமும் சாட்சி சொன்னது. அதே 1863-ல் ஃபூட்டும் அவர் சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம். ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகுது பாருங்கள்!

அடுத்தது: பரங்கிமலை

1802, ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, 100 அடி எஃகுச் சங்கிலியோடு இங்கே வந்து இறங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். இன்று ட்ராஃபிக்கில் நீங்கள் திட்டிக்கொண்டே போகும் அதே ஏரியாதான். கத்திரி வெயிலில் சங்கிலியை 400 தடவை நீட்டி அளந்தார்கள், 57 நாட்கள். சூட்டில் எஃகு நீளும் இல்லையா? அதையும் கணக்கில் சேர்க்க தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள்.

ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம். 'இதெல்லாம் லைஃப்ல எங்க யூஸ் ஆகும்?' என்று நாம் ஸ்கூலில் கேட்டோமே, அந்த ட்ரிக்னாமெட்ரிதான். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இமயமலை வரை போனது சர்வே. 1852-ல் ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கு, எவரெஸ்ட்தான் உலகின் உயர்ந்த சிகரம் என்றது.

ஆனால் ஒரு நிமிஷம். இந்த அளவு யாருக்காக? 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கைக்கு வந்த நாட்டை ஆள கம்பெனிக்கு மேப் தேவைப்பட்டது. சங்கிலி தூக்கிய நம்ம ஊர் ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அறிவுக்கு ஒளி உண்டு, நிழலும் உண்டு!

மூன்றாவது: நுங்கம்பாக்கம்

கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் ஒரு பழைய கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் உருவான மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் மிச்சம். பிரிட்டிஷாரின் தாராள மனசால்தான் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலில் ஊன்றப்பட்டது என்கிற அர்த்தத்தில் அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அட! கி.பி. 499-லேயே ஆரியபட்டர் நூல் எழுதிய நாட்டில் இப்படி ஒரு பெருமை!

இதற்கான பதில் அதே ஆய்வகத்திலிருந்தே வந்தது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கிறது என்று சாதாரண மக்களுக்குப் புரிய இந்திய மொழிகளிலும் கையேடு போட்டார். தெரிந்ததைத் தெருவுக்குக் கொண்டுவருவது... அதுவும் அறிவொளிதான்.

இறங்குங்கள்: எழும்பூர்

பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அரண்மனைக்குள் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்பதே அறிவொளிக் காலம் தந்த ஐடியாதான். ஃபூட் சேர்த்த கற்கருவிகள் 1904-ல் இங்கேதான் வந்து சேர்ந்தன.

இதே மியூசியத்தில்தான் இன்னொரு கதையும் நடந்தது. 1885-ல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவிகளோடு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, சாதி வாரியாகப் பட்டியல் போட்டார். 1909-ல் ஏழு தொகுதிகளாகப் புத்தகமும் வந்தது. அளவு துல்லியமாக இருந்து என்ன பயன்? மூக்கை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கலாம் என்ற அந்தக் காலத்து நினைப்பே தப்பு. அதை உடைத்துப் போட்டதும் அறிவியல்தான்.

அதே காலத்து சென்னையில், நம்ம ஆட்கள் வேறு மாதிரி கேட்டார்கள். சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882-ல் தொடங்கிய 'தத்துவ விவேசினி' இதழ், "பிறப்பால் ஒருத்தன் எப்படி உசத்தி?" என்று தமிழிலேயே வாதாடியது. தர்ஸ்டன் சாதியை அளந்தார், இவர்கள் சாதியையே கேள்வி கேட்டார்கள். எது அறிவொளி? நீங்களே சொல்லுங்கள்.

சரி, நமக்கு என்ன?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் "நாசாவே அசந்து போச்சு!" என்று ஒரு மெசேஜ் வருகிறது. ஃபார்வேர்டு பட்டனை அமுக்கும் முன் மூன்று கேள்வி. யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? தப்பாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை நண்பர்களே. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சாசனமே சொல்கிறது. 1976-ல் சேர்த்த 51ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தவர் நம்பிக்கையைக் கேள்வி கேட்பது ஈஸி. நம்ம வீடு, நம்ம சாதி, நம்ம தலைவர், நம்ம ஹீரோ என்று வரும்போதும் அதே மூன்று கேள்வியைக் கேட்க முடிகிறதா? அங்கேதான் நிஜமான டெஸ்ட்!

வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. மற்ற நாளில் ஒரு க்ளாஸ் கட் அடிப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேங்கோடு கிளம்புங்கள். போகும்போது பல்லாவரத்தில் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்க்க மறக்காதீர்கள்!