உறங்கும் ஊர்தியில் உறங்காத மின்னோட்டம்

மோட்டார் ஊர்தியின் உறுப்புகளுள் கண்ணுக்குப் புலப்படாமல் உழைப்பது மின்கல அடுக்கு. பேச்சு வழக்கில் இதனைப் ‘பேட்டரி’ என்பர். உறங்கிக் கிடக்கும் இயந்திரத்தை எழுப்புவதற்கு வேண்டிய முதல் ஆற்றலைத் தருவது இதுவே. மாலையில் குறையின்றி ஓடிவந்து நின்ற கார், மறுநாள் விடியலில் சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்னும் ஓசையுடன் அடங்கிவிடுவதுண்டு. நால்வர் தள்ளிவிட்டால் அன்று முழுவதும் ஓடும். அடுத்த விடியலில் மீண்டும் அதே நிலை. இரவுக்குள் அந்த மின்சாரம் எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு முறையாக விடை காண்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நாஞ்சில் நாட்டில் இக்குறை வெறும் காலத்தாழ்வோடு முடிவதில்லை. தோவாளைப் பூச்சந்தை பொழுது புலர்வதற்கு முன்பே களைகட்டிவிடும். அங்கிருந்து கேரளத்துக்குப் பூ ஏற்றிச் செல்லும் ஊர்தி இரண்டு மணி நேரம் தாமதித்தால் மலர்ந்த பூவுக்கு மதிப்பில்லை. குளச்சலில் கரையேறும் மீனுக்கும் இது பொருந்தும். நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்திற்கோ இது உயிர்ச்சிக்கல். ஆயினும், இத்தகைய வேளைகளில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. “பேட்டரி போய்விட்டது” என முடிவுகட்டிச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்குகின்றனர். அம்முடிவு சில நேரங்களில் சரியாகலாம். பல நேரங்களில் நோயை விட்டுவிட்டு நோயாளியை மாற்றிய கதையாகிவிடும்.

அமைப்பும் செயலும்

கார்களில் பெரிதும் பயன்படும் காரீய அமில மின்கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிவியலறிஞர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலம் அதுவே. தொடக்கக் காலக் கார்களைக் கைப்பிடியைச் சுழற்றியே இயக்கினர். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன் பின்னர் மின்கல அடுக்கு காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று. தமிழ்நாட்டிலும் இத்துறைக்கெனத் தனி ஆய்வகம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் உருவாகி, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமே அது.

காரின் மின்கல அடுக்கில் ஆறு அறைகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. எனவே, முழுதும் மின்னேற்றம் பெற்று ஓய்ந்திருக்கும் அடுக்கு 12.6 வோல்ட் அளவைக் காட்டும். அறையினுள் காரீயத் தகடும் காரீய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளின் மீதும் காரீய சல்பேட்டு படிகிறது; அமிலம் மெல்ல நீராகிறது. மின்னேற்றும்போது இவ்வினை திரும்ப நிகழ்கிறது. அடுக்கை நெடுநேரம் வெறுமையாக விட்டுவைத்தால் சல்பேட்டுப் படிகங்கள் இறுகிவிடும். இறுகிய படிகங்கள் எளிதில் கரைவதில்லை. அடுக்கின் கொள்ளளவு நிலையாகக் குறைந்துவிடும்.

பத்தாயக் கணக்கு

நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல்லைச் சேமித்துவைக்கும் மரப்பெட்டிக்குப் பத்தாயம் என்று பெயர். பத்தாயத்தில் நெல் குறைகிறது என்றால் மூன்று காரணங்களே இருக்க முடியும். வயலிலிருந்து போதிய நெல் வந்து சேரவில்லை. அல்லது பத்தாயமே பழுதுற்று நெல்லைக் காக்கவில்லை. அல்லது எவரோ அள்ளிச் செல்கின்றனர். மின்கல அடுக்குக்கும் இம்மூன்றே பொருந்தும்.

முதலாவது வரவு. இயந்திரம் ஓடும்போது மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் அடுக்குக்கு மின்னேற்றுகிறது. அது பழுதுற்றாலோ, அதனைச் சுழற்றும் பட்டை தளர்ந்தாலோ வரவு குறையும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினாலும் இயந்திரத்தை இயக்கச் செலவழித்தது திரும்பி வருவதில்லை. இரண்டாவது இருப்பு. முதுமையடைந்த அடுக்கு தானாகவே ஆற்றலை இழக்கும். மூன்றாவது செலவு. கார் நின்ற பின்னரும் ஏதோ ஒரு சுற்று மின்னோட்டத்தை உண்டுகொண்டிருக்கும். இம்மூன்றனுள் எது குற்றவாளி என அறியுமுன் எதனையும் மாற்றுதல் கூடாது.

எண்கள் காட்டும் தடயம்

ஓர் இரவிலேயே அடுக்கு இறங்கிவிடுகிறது என்பதே சிறந்த தடயம். இக்காலக் கார்களில் கடிகாரம், பூட்டு, எச்சரிக்கைக் கருவி, கணினி ஆகியவை கார் உறங்கும்போதும் சிறிதளவு மின்னோட்டத்தைப் பயன்படுத்தும். 50 மில்லி ஆம்பியர் வரை இஃது இயல்பே. பத்து மணி நேரத்தில் இது செலவழிப்பது அரை ஆம்பியர் மணி மட்டுமே. சிறிய காரின் அடுக்கு 35 ஆம்பியர் மணிக் கொள்ளளவு உடையது எனக் கொண்டால், இச்செலவு நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

பின்புறப் பெட்டியினுள் 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தால் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் செலவாகும். பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர் மணி. நல்ல அடுக்கை இதுவும் ஓர் இரவில் வீழ்த்தாது. ஆகவே, நல்ல நிலையில் உள்ள அடுக்கு ஒரே இரவில் இறங்குமாயின் ஒன்றரை அல்லது இரண்டு ஆம்பியருக்குக் குறையாத கசிவு இருத்தல் வேண்டும். அவ்வளவு கசிவு இல்லையெனில் அடுக்கு நலிந்துள்ளது அல்லது மாலையிலேயே நிறைவின்றி இருந்தது எனக் கொள்ளலாம். கருவியைக் கையில் எடுக்குமுன் இச்சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் பாதி வழியைக் கடந்துவிடுகிறார்.

ஆய்வின் படிகள்

குமரிமுனையில் 133 அடி உயரச் சிலையாக நிற்கும் திருவள்ளுவர், ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என அறிவுறுத்துகிறார். அந்த வரிசை இங்கும் பொருந்தும்.

முதற்படி, கண்ணால் காண்பது. மின்முனைகளில் வெண்மையாகவோ நீலமாகவோ பொடி படிந்துள்ளதா, இணைப்புகள் தளர்ந்துள்ளனவா, அடுக்கு எத்தனை ஆண்டுப் பழமையுடையது, அண்மையில் ஒலிப்பெருக்கியோ கேமராவோ புதிதாகப் பொருத்தப்பட்டதா என வினவுதல் வேண்டும். குறை தோன்றிய நாளும் புதிய கருவி பொருத்திய நாளும் நெருங்கியிருப்பின் அதனைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இரண்டாம் படி, பிரித்துப் பார்ப்பது. அடுக்கை முழுமையாக மின்னேற்றி, எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். காலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிய அளவைக் காட்டி, இணைத்தவுடன் இயந்திரமும் எளிதில் இயங்கினால் பத்தாயம் பழுதில்லை. கசிவோ வரவுக் குறையோதான் காரணம். 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதி இருப்பு. 12 வோல்ட்டுக்குக் கீழ் எனில் இருப்பு மிகக் குறைவு. எதுவும் இணைக்கப்படாத நிலையில் ஓர் இரவில் இவ்வாறு இறங்கிய அடுக்கே குற்றவாளி. செலவில்லாத இந்த ஓர் ஆய்வு, தேவையற்ற பல செலவுகளைத் தடுக்கிறது.

மூன்றாம் படி, வரவை அளப்பது. இயந்திரம் ஓடும்போது மின்முனைகளுக்கிடையே பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். ஓய்வு நிலையில் இருந்த அளவிலிருந்து உயரவே இல்லையெனில் மின்னேற்றம் நிகழவில்லை என்பது பொருள்.

நான்காம் படி, கசிவை அளப்பது. எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே 10 ஆம்பியர் வரை அளக்கவல்ல மல்டிமீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இந்நிலையில் இயந்திரத்தை இயக்க முயலுதல் கூடாது. தொடக்கி நூறு ஆம்பியருக்கும் மேல் இழுப்பதால் கருவி பழுதாகும். கதவுகளை மூடி, கணினிகள் உறக்க நிலையை அடையும்வரை அரைமணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். பொறுமையின்றி உடனே அளப்பவர், இயல்பான மின்னோட்டத்தைக் கசிவென்று பிறழ உணர்வர்.

அளவு மிகுந்திருப்பின், மின்னுருகிகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் பொருத்திவர வேண்டும். எந்த உருகியை எடுத்ததும் அளவு சட்டென வீழ்கிறதோ, அந்தச் சுற்றிலேயே கசிவு உள்ளது. பின்னர் அச்சுற்றில் உள்ள விளக்கு, சுவிட்சு, ரிலே ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால் குறை அகப்பட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

பூ ஏற்றிச் செல்லும் சிறிய கார் ஒன்று இரவு ஏழு மணிக்கு நிறுத்தப்பட்டு, விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டியது எனக் கொள்வோம். அதன் அடுக்கு அடிக்கடி இறங்கியதால் உரிமையாளர் புதியது வாங்கினார். சில நாள்கள் குறையின்றி ஓடிய கார் மீண்டும் நின்றது. எதிர்முனையைக் கழற்றிவைத்த இரவின் மறுநாள் மட்டும் உடனே இயங்கியது. பகலில் மின்னேற்ற அளவு 13.9 வோல்ட். ஆகவே, ஆல்டர்னேட்டர் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. கசிவை அளந்தபோது 1.9 ஆம்பியர் காட்டியது. உருகிகளை ஒவ்வொன்றாக எடுத்தும் அளவு குறையவில்லை.

இவ்விடத்தில் பலர் கைவிட்டுவிடுவர். ஆனால், ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி பெரும்பாலும் அச்சிறு உருகிகளின் வழியே செல்வதில்லை. எதிர்முனையை முழுமையாகக் கழற்றிய பின் அக்கம்பியைப் பிரித்து, அதன் முனையை மின்காப்பு நாடாவால் சுற்றி மீண்டும் அளந்தபோது 0.03 ஆம்பியர் மட்டுமே இருந்தது. குற்றவாளி அகப்பட்டது. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்குபவை அதனுள் உள்ள டையோடுகள். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் அவற்றுள் பழுதுற்றவை, நின்ற காரில் மின்சாரத்தைத் திரும்பிச் செல்லவிட்டன. பகலில் கொடுத்த கையே இரவில் பறித்தது.

ஒன்பது மணி நேரத்தில் ஏறத்தாழ 17 ஆம்பியர் மணி, அஃதாவது 35 ஆம்பியர் மணி அடுக்கில் பாதி, இவ்வாறு இழக்கப்பட்டது. புதிய அடுக்கு பாதி இருப்பிலும் சில நாள்கள் ஈடுகொடுத்தது. நாள்தோறும் பாதியாக வற்றியதால் அதன் தகடுகளில் சல்பேட்டு இறுகி, அதுவும் நலிந்தது. பிழையான மருந்து நோயை மறைத்ததோடு புதிய நோயையும் உண்டாக்கியது.

கடற்காற்றும் காப்பும்

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது, கடற்கரையும் உடையது. உப்பு கலந்த ஈரக்காற்று மின்முனைகளையும் இணைப்புகளையும் அரிக்கிறது. அடுக்கின் மேற்பரப்பில் படியும் அழுக்கும் அமில ஈரமும் இரு முனைகளுக்கிடையே மெல்லிய மின்பாதையை அமைத்துவிடும். ஆப்பச்சோடா கரைத்த நீரை அறைகளுக்குள் புகாதவாறு துணியில் நனைத்துத் துடைத்து, உலர்ந்தபின் முனைகளில் வாசலின் தடவிவருதல் நற்பயன் தரும். திறக்கத்தக்க மூடியுடைய அடுக்குகளில் வாலை வடிநீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வளி வெளியாவதால் தீப்பொறியும் புகைபிடித்தலும் அருகில் கூடா. மோதிரம், வளையல் முதலிய உலோக அணிகளைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் நன்று. இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். பயிற்சியில்லாதோர் தேர்ந்த மின்பணியாளரின் மேற்பார்வையில் செய்வதே முறை.

காரீயமும் பொறுப்பும்

தேவையின்றி மாற்றப்படும் ஒவ்வோர் அடுக்கும் பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை. அதனுள் உள்ள காரீயம் நச்சுத்தன்மை உடையது. பழைய அடுக்குகளைத் திறந்தவெளியில் உடைத்து உருக்கும் இடங்களில் மண்ணும் நீரும் கெடுகின்றன. குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இதனைத் தடுப்பதற்காகவே மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் இந்திய அரசால் வெளியிடப்பட்டன. பயன்முடிந்த அடுக்கை விற்பனையாளரிடமோ ஏற்புபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்பது குடிமக்களின் கடமையாகும்.

பட்டறையில் கருவியுடன் நிற்கும் தொழிலாளியும் ஆய்வகத்தில் நிற்கும் அறிவியலறிஞரும் செய்வது ஒரே வேலை. இருவரும் ஐயுறுகின்றனர், அளக்கின்றனர், பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக விலக்குகின்றனர், எஞ்சியதை மீண்டும் சோதிக்கின்றனர். அளந்து அறிந்து சொல்லும் தொழிலாளியை ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையால் பூ சந்தையை அடைகிறது; நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைகிறார்.