சத்தம் போடாத கொலைகாரன்! கணையப் புற்றுநோய்க்கு வழி விடுவது பீடியா, குடியா?

புதுக்கோட்டை–
பூட்டை உடைக்கிற திருடன் வந்தால் நாய் குரைக்கும். தெரு முழித்துக்கொள்ளும். ஆனால் சத்தமே போடாமல் உள்ளே வரும் ஆசாமி ஒருவன் இருக்கிறான். அவன்தான் கணையப் புற்றுநோய்!

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, அரை அடி நீளத்தில் கிடப்பது கணையம். சாப்பாடு செரிக்க நீர் சுரப்பதும், இன்சுலின் தருவதும் அதுதான். உள்ளே கட்டி வந்தால் லேசில் வெளியே தெரியாது. கோவா முதல்–மந்திரி மனோகர் பாரிக்கர் பதவியில் இருக்கும்போதே 2019 மார்ச் 17–ந் தேதி இந்த நோயால் இறந்தார்.

யார் மேல் சந்தேகம்?

முதல் குற்றவாளி புகையிலை! பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு. வாயில் புகையிலை அடக்குபவரும் தப்ப முடியாது. ஆனால் நிறுத்தினால் ஆபத்து வருஷா வருஷம் குறையும்.

அடுத்து குடி. அளவு மீறினால் கணையம் வெந்து புண்ணாகும். அந்தப் புண் பல வருஷம் ஆறாமல் கிடந்தால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். அதிக உடல் பருமன், நாள்பட்ட சர்க்கரை வியாதி, பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவருக்கு இந்த நோய் இருப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு.

குடிக்காதவருக்கும் கல்!

தமிழ்நாடு, கேரளாவில் குடிப்பழக்கமே இல்லாத சிறு வயதினருக்கும் கணையத்தில் கல் விழுவது உண்டு. மரவள்ளிக்கிழங்கு மேல் பழி போட்டார்கள்; நிரூபணம் ஆகவில்லை. பரம்பரைக் கோளாறுக்குப் பங்கு இருப்பது பிறகு தெரிந்தது. சென்னையில் இப்படிப்பட்ட 185 பேரைக் கவனித்த ஆய்வு 1994–ல் வெளியானது. இறந்த 24 பேரில் 6 பேரைக் கொன்றது கணையப் புற்றுநோய்!

இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நோய் கட்டாயம் வரும் என்று அர்த்தம் இல்லை. எதுவும் இல்லாதவருக்கும் வருகிறது.

துப்பு என்ன?

50 வயதுக்கு மேல் திடீர்னு சர்க்கரை, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி, அரிப்போடு மஞ்சள் காமாலை. இவைதான் தடயங்கள்.

காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்துக் கிடக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. ஆரம்பத்திலேயே சிக்கினால்தான் ஆபரேஷன் செய்து கட்டியை எடுக்க முடியும்.

நாள் தள்ளினால் திருடன் தப்பிவிடுவான். உயிரையும் எடுத்துக்கொண்டு!