குளிர் குறைந்த மார்கழியும் புதிதாக நட்ட ரோஜாவும்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் எண்ணூர், மணலி, மீஞ்சூர் வட்டாரத்தில் ஐந்து, பத்து சென்ட்டில் எட்வர்டு ரோஜா, ஆந்திர சிவப்பு ரோஜா நட்ட விவசாயிகள், மார்கழியில் குளிர் குறைந்தால் மகிழ்வது இயல்பு. செடி மளமளவென்று தளிர்க்கும். மொட்டும் சீக்கிரமே காணும். ஆனால் இந்த வேகம் செடிக்கு நல்லதல்ல.

ரோஜாவுக்கு இரவில் 15 டிகிரி செல்சியஸ் அளவு குளிர்ச்சி ஏற்றது. சென்னையில் ஜனவரி மாத இரவு வெப்பமே சுமார் 21 டிகிரி. அதுவும் கூடினால், வேர் பிடிக்கும் முன்பே தண்டில் சேர்ந்துள்ள சத்தைக் கொண்டு தளிர் கிளம்பிவிடும். பெருகும் இலைக்கு நீர் கொடுக்க வேர் போதாது. மாசியில் வெயில் ஏறியதும் செடி நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

மொட்டுகளைக் கிள்ளுங்கள்

நட்ட முதல் இரண்டு மாதங்களுக்கு மொட்டு கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். பொங்கல் சமயத்தில் பூவுக்கு நல்ல விலை இருக்கும்போது இதற்கு மனம் வராதுதான். ஆயினும் நாலு பூவுக்கு ஆசைப்பட்டுப் பல ஆண்டு பலன் தரும் செடியை இழக்கலாகாது. இப்போது கவாத்து செய்யக் கூடாது. காய்ந்த குச்சியை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவவும். ஒட்டுச்செடியானால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை நீக்கவும். தளிர்கள் முற்றும்வரை யூரியா இட வேண்டாம்; குழியில் இட்ட தொழு உரமே போதும்.

நீரில் கவனம்

செடி பிடிக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒரு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் நீர் பாய்ச்சலாம். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்துப் பாய்ச்சுவது நல்லது. தண்டைத் தொடாமல் வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. ரோஜா உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளை பூத்தால் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம். குளத்து நீர் கிடைத்தால் கலந்து பாய்ச்சவும்.

இலைப்பேன்

வெதுவெதுப்பான வறண்ட நாட்களில் இலைப்பேன் பெருகும். தளிர் சுருளும், மொட்டு கருகும். தாக்கிய மொட்டுகளைக் கிள்ளி அழித்து, லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கவும். ஆலைத் தூசி படிந்த இலைகளைக் காலையில் கழுவலாம். மாலையில் கழுவினால் இரவு முழுதும் ஈரம் நின்று கரும்புள்ளி நோய் வரும்.

மார்கழியில் செடியைச் சற்று அடக்கி வைத்தால், வெயில் காலத்தைத் தாங்கி நிற்கும்.